சிவப்பு மையும் சிப்பாயின் பெயரும்

எர்ணாகுளம் பிராட்வேயிலும் மட்டாஞ்சேரிச் சந்தையிலும் கடை நடத்தும் நம்மவர்களுக்குக் கணக்கின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் சிட்டை, அதிலிருந்து எழுதப்படும் குறிப்பேடு, அதிலிருந்து பெயர்வாரியாகப் பிரியும் பேரேடு என மூன்று ஏடுகளிலும் ஒரே தொகை ஒத்து நின்றால்தான் வணிகன் இரவில் நிம்மதியாக உறங்குவான். சிட்டையில் ஏறாத சரக்கு விற்றதாகாது. பேரேட்டில் பெயரில்லாதவன் கடன்காரன் ஆகான்.

வணிகர்க்குள்ள இவ்வொழுக்கம் தண்டம் செலுத்தும் அதிகாரத்திற்கும் இருத்தல் வேண்டுமன்றோ? ஒருவனைக் கட்டி வைத்து அடிக்கவும், சிறையிலிடவும், பிழைப்பைப் பறிக்கவும் வல்ல அதிகாரம் தன் செயலை எழுதி வைக்கிறதா, எழுதியதை எத்தனை காலம் காக்கிறது, தண்டனை பெற்றவன் அதைப் பார்க்க இயலுமா என்னும் வினாக்களைப் படைத்துறையை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய்வோம். இதற்கும் கொச்சித் தமிழருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், படைவீரர்களின் சீருடை வெளுப்பதற்காகவே இவ்வூருக்கு அழைத்து வரப்பட்டவர்கள் என்பது வழிவழி வரும் செய்தி. சிப்பாயின் வாழ்வும் நம் வாழ்வும் இத்துறைமுகத்தில் முன்னமே பின்னிக் கிடக்கின்றன.

கோவலன் வழக்கும் ஓலை மரபும்

விசாரணையின்றி விரைந்து வழங்கப்பட்ட தண்டனையின் கொடுமையைத் தமிழ் இலக்கியம் முதலிலேயே கண்டுவிட்டது. சேர நாட்டு இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தில், அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்து சென்றுகொண்டிருந்த பாண்டியன், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டுமே கேட்டுக் காவலர்க்கு ஆணையிட்டான். கோவலனை எவரும் அரசன் முன் நிறுத்தவில்லை. கையிலிருந்த சிலம்பை உடைத்துப் பார்க்கவும் இல்லை. சான்று அவன் இறந்த பிறகே அவைக்கு வந்தது. பரல் முத்தா மாணிக்கமா என்னும் எளிய ஆய்வு முன்னரே நடந்திருந்தால் மதுரை எரிந்திராது.

பிற்காலச் சோழர் ஆட்சியில் இதற்கு நேர் எதிரான ஒழுங்கைக் காண்கிறோம். அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை என்னும் அலுவலர் எழுதினார். ஓலைநாயகம் அதனை ஒப்பு நோக்கினார். பின்னர் அது வரியிலிடப்பட்டது. ஆனைமங்கலச் செப்பேடு போன்ற ஆவணங்களில் ஒவ்வொரு படியிலும் பணி செய்தவர்களின் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. ஆணை எவருடையது, எழுதியவர் எவர், சரிபார்த்தவர் எவர் என்று காட்டும் இம்மரபைப் பின்வரும் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

வேலூர்: எண்ணிக்கையும் பெயரும்

1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய வகைத் தலைப்பாகை விதிக்கப்பட்டது. 1806 மார்ச்சில் வந்த நிலையாணை, சீருடையில் இருக்கும்போது சமயக் குறிகள் அணிதலையும் தாடி வைத்தலையும் தடுத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் வேலூரில் இருந்த நான்காம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தினர் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். இருபத்தொருவர் சென்னைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்று வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்.

அடுத்து நிகழ்ந்தது, முறையீடு எவ்வாறு கையாளப்படக் கூடாது என்பதற்கு நிலையான எடுத்துக்காட்டு. ஜூன் 17ஆம் நாள் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், கிளர்ச்சி உருவாகி வருவதைத் தம் படைப்பிரிவின் தலைவரான ஃபோர்ப்ஸ் என்பவரிடம் தெரிவித்தார். அச்செய்தி இந்திய அதிகாரிகளின் குழு ஒன்றன் ஆய்வுக்கே விடப்பட்டது. எவர்மீது ஐயம் கூறப்பட்டதோ அவர்களுடைய தோழர்களே விசாரித்தனர். முஸ்தபா பேக் நம்பத்தகாதவர், அறிவு பிறழ்ந்தவர் என்று முடிவு கட்டப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். கிளர்ச்சி அடங்கிய பின் அவருக்கே 2,000 பகோடா பரிசும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் வழங்கப்பட்டன!

1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். அவர்களுடைய அதிகாரிகள் 14 பேரும், 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த ஆங்கிலேய வீரர் 115 பேரும் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டார். அரண்மனைக்குள் பதுங்கியிருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேர் வெளியே கொணரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். அதற்கு விசாரணை இல்லை, குற்றச்சாட்டு இல்லை, எழுதுவோரும் இல்லை.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். அன்று கோட்டையில் மாண்ட சிப்பாய்கள் எத்தனை பேர்? ஏறத்தாழ 350 என்பார் ஒரு சாரார். கோட்டையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட உடல்கள் மட்டுமே 800க்கு மேல் என்பது, கண்ணால் கண்ட பிளாக்கிஸ்டன் என்னும் பொறியாளரை மேற்கோள் காட்டி வேறொரு சாரார் கூறுவது. இவ்விரண்டு எண்ணுக்கும் இடையே 450 உயிர்கள் நிற்கின்றன. அவை இருந்தனவா இல்லையா என்பதே இன்றளவும் முடிவாகவில்லை.

ஆனால் பின்னர் முறையாக நடந்த படைத்துறை விசாரணையில் தண்டிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை தெளிவாக வருகிறது. பீரங்கி வாயில் கட்டிச் சிதைக்கப்பட்டோர் 6 பேர். சுட்டுக் கொல்லப்பட்டோர் 5 பேர். தூக்கிலிடப்பட்டோர் 8 பேர். நாடு கடத்தப்பட்டோர் 5 பேர். ஆக 24 பேர். அத்தண்டனை கொடியது, நீதியானது என்று நாம் கூற மாட்டோம். ஆயினும் விசாரணை நடந்தமையால் எழுத்து இருந்தது. எழுத்து இருந்தமையால் கணக்கில் ஐயம் இல்லை. எழுதாமல் கொல்லப்பட்டவர்கள் இரு முறை மாண்டனர். ஒரு முறை கோட்டைச் சுவரோரம், மறுமுறை வரலாற்றில்.

நிகழ்ச்சிக்குப் பின் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர். கிளர்ந்தெழுந்த பட்டாளங்களின் எண்கள் படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வீரர்களின் பெயர்களை எழுத மறந்தவர்கள் பட்டாளத்தின் எண்ணை அழிக்க மறக்கவில்லை. 2006இல் இரு நூற்றாண்டு நிறைவையொட்டி அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. வேலூரில் நினைவுத் தூணும் நிற்கிறது. அதன் முன் மலர் வைக்கும் கைகள் அஞ்சலி செலுத்துவது பெரும்பாலும் பெயர் அறியப்படாதவர்களுக்கே.

ஒருவரே நீதிமன்றம்

பெண்டிங் பின்னர்த் தலைமை ஆளுநராக மீண்டும் இந்தியாவுக்கு வந்து, 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியை ஒழித்தார். வேலூர் அவருக்குக் கற்பித்த பாடம் அது எனக் கருத இடமுண்டு. ஆயினும் 1845இல் அது மீண்டும் நுழைந்தது.

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின், சிப்பாயைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் படைப்பிரிவின் தலைவர் கையிலேயே மிகுதியாகக் குவிக்கப்பட்டது. அதன் விளைவாக வளர்ந்ததே ‘சம்மரி கோர்ட் மார்ஷல்’ எனப்படும் சுருக்கமுறைப் படைநீதிமன்றம். இது இந்தியப் படைக்கே உரியது. ஆங்கிலேயச் சிப்பாய்க்கு இத்தகைய நீதிமன்றம் விதிக்கப்படவில்லை. 1911ஆம் ஆண்டின் இந்திய இராணுவச் சட்டம் இதற்கு இடமளித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1950ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை நிலைநிறுத்தியது.

இந்நீதிமன்றத்தில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிபதி. வேறு இருவர் உடன் அமர்ந்திருப்பர். ஆனால் அவர்கள் உறுதிமொழி எடுப்பதும் இல்லை, தீர்ப்பில் பங்கு கொள்வதும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாக நண்பர் ஒருவர் இருக்கலாம். அவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையினராயின் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம், வேலையிலிருந்தும் நீக்கலாம். பிற படைநீதிமன்றங்களின் தீர்ப்பு மேலதிகாரியின் உறுதிப்பாட்டிற்குக் காத்திருக்கும். இதன் தீர்ப்போ பொதுவாக உடனே நிறைவேற்றத்தக்கது.

போர்முனையில் விரைவு வேண்டும். ஒழுங்கு குலைந்த படை பகைவனைவிடத் தன் நாட்டுக்கே கேடு செய்யும். எனவே இத்தகைய அதிகாரம் தேவை என வாதிடுவோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் வழக்கறிஞரும் இல்லாமல், பல நீதிபதிகளும் இல்லாமல், உறுதிப்பாடும் இல்லாமல் நடக்கும் விசாரணையில் சிப்பாய்க்குக் காப்பாக எஞ்சி நிற்பது எது? எழுத்து ஒன்றே.

அதனாற்போலும் 1954ஆம் ஆண்டின் இராணுவ விதிகள் எழுத்தை விரிவாகவே வகுத்துள்ளன. முதலில் குற்றச்சாட்டைத் தலைவர் வீரரின் முன்னிலையில் கேட்டல் வேண்டும். பிறகு சாட்சியங்கள் எழுத்தில் தொகுக்கப்படும். சாட்சியை வீரர் கேட்கும் கேள்வியும் அதற்கு வரும் விடையும் எழுதப்படும். வீரர் ஏதேனும் கூற விரும்பினால், கூறக் கட்டாயமில்லை என்றும் கூறுவது சான்றாகும் என்றும் எச்சரித்த பிறகே எழுதுதல் வேண்டும். வழக்கு முடிந்தவுடன் ஆவணங்கள் மேலதிகாரியின் மறுபார்வைக்கு அனுப்பப்படும். பின்னர்ப் படைப்பிரிவுக்கே திரும்பிவந்து மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் காக்கப்படும். அவை அழிக்கப்படுமுன் கேட்டால், தண்டிக்கப்பட்டவர் நகல் பெறும் உரிமை உடையவர்.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. வீரர் ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று கூறிவிட்டால் சாட்சிகள் அழைக்கப்படுவதில்லை. முன்பு தொகுத்த சாட்சியச் சுருக்கமே படிக்கப்பட்டு ஆவணத்துடன் இணைக்கப்படும். ஆகவே அந்த ஒரு சொல் உண்மையிலேயே அவர் வாயிலிருந்து வந்ததா, அதன் விளைவை அறிந்து கூறினாரா என்பதே வழக்கின் உயிர்நிலையாகிறது. ஒப்புதலைப் பதியுமுன் அதன் பொருளை வீரருக்கு விளக்க வேண்டும் என்றும், சாட்சியத்தைப் பார்க்கையில் அவர் மறுப்பதே முறை என்று தோன்றினால் ஒப்புதலைத் திரும்பப் பெறுமாறு அறிவுறுத்த வேண்டும் என்றும் விதி கூறுகிறது. ஆனால் பல வழக்குகளில் ஒப்புதல் என்று எழுதப்பட்ட தாளில் வீரரின் கையொப்பமே இல்லை என்பது தெரிய வந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1989இல் இக்குறையைக் கடுமையாக எடுத்துக் காட்டியது. இவ்வொப்புதல் எவ்வாறு பதியப்பட வேண்டும் என்பது பின்னர் விதியிலேயே சேர்க்கப்பட்டது. தமிழ் மட்டுமே அறிந்த ஒரு சிற்றூர் இளைஞன், ஆங்கிலத்தில் எழுதப்படும் தாளின் முன் நிற்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

கொச்சியிலிருந்து சென்ற நீதிபதி

இனிக் கடற்படைக்கு வருவோம். 1946 பிப்ரவரி 8ஆம் நாள், பம்பாயில் ‘தல்வார்’ என்னும் கரைத்தளத்தின் தலைவர் கிங், மாலுமிகளை இழிமொழியால் ஏசினார். மாலுமிகள் பதினால்வர் விதிப்படி தனித்தனியே முறையிட்டனர். ஒரு வாரம் கழித்தே அவர்கள் முறையீடு கேட்கப்பட்டது. அதுவும் எவர்மீது முறையீடோ அவராலேயே கேட்கப்பட்டது. வேலூரில் முஸ்தபா பேக்கின் செய்திக்கு நேர்ந்த கதியே 140 ஆண்டுகளுக்குப் பின் இவர்களுடைய முறையீட்டிற்கும் நேர்ந்தது.

பிப்ரவரி 18ஆம் நாள் மாலுமிகள் உணவு மறுத்தனர். சில நாட்களில் 78 கப்பல்களும் 20 கரைத்தளங்களும் 20,000 மாலுமிகளும் அவ்வெழுச்சியில் சேர்ந்தனர் என்பது வரலாறு தரும் கணக்கு. கொச்சித் துறைமுகத்திலும் அதன் அதிர்வு உணரப்பட்டது. தலைவர்களின் அறிவுரையை ஏற்று 23ஆம் நாள் மாலுமிகள் பணிந்தனர்.

இதனை ஆராய அமைக்கப்பட்ட ஆணைக்குழுவில் ஐவர் இருந்தனர். பாட்னா தலைமை நீதிபதி ஃபஸல் அலி தலைவர், லாகூரிலிருந்து மெஹர்சந்த் மகாஜன், படைத்துறையினர் இருவர், மற்றவர் கே. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய இவர், அப்பொழுது கொச்சி அரசின் தலைமை நீதிபதி. கொச்சி அரசின் உயர் நீதிமன்றம் இதே எர்ணாகுளத்தில் இயங்கியது என்பதை நம்மவர் நினைவில் கொள்ளுதல் தகும்.

மாலுமிகளிடையே பரவியிருந்த பணிக்குறைகளே எழுச்சிக்கு அடிப்படை என்று அக்குழு கண்டது. கலகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், உணவு, ஊதியம், நிறவேற்றுமை, அதிகாரிகளின் நடத்தை ஆகியவற்றை எழுத்தில் கொணர்ந்தமை அக்குழுவின் தொண்டு. ஆயினும் எழுச்சியில் பங்கு கொண்ட மாலுமிகள் பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். 476 பேர் என்பது பெரும்பாலும் கூறப்படும் கணக்கு.

இங்கே காலம் ஒரு விந்தை புரிந்தது. 1972இல் நடுவண் அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டு வந்தது. 1946 கடற்படை எழுச்சியும் அத்திட்டத்தில் ஏற்கப்பட்ட போராட்டங்களுள் ஒன்றாயிற்று. முன்பு இழிவின் அடையாளமாக மடித்து மறைக்கப்பட்ட பணிநீக்கத் தாள், இப்பொழுது பெருமைக்குச் சான்றாகக் காட்டத்தக்க ஆவணமாயிற்று. அதனைப் பெட்டியடியில் காத்தவர் பிழைத்தார். அவமானம் தாங்காமல் கிழித்தெறிந்தவர் அலுவலகந்தோறும் சாட்சி தேடி அலைய நேர்ந்தது. ஓர் ஏட்டின் பொருள் அதை எழுதியவர் காலத்தோடு முடிவதில்லை.

சிவப்பு மை

படைநீதிமன்றம் வரை போகாத சிறு தண்டனைகளும் உண்டு. தலைவர் தம் அதிகாரத்தால் 28 நாள் வரை காவலில் வைக்கலாம், ஊதியத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம், கண்டிக்கலாம். இத்தண்டனைகள் வீரரின் நடத்தைப் பதிவேட்டில் ஏறும். பெரியவை சிவப்பு மைப் பதிவு எனவும் சிறியவை கறுப்பு மைப் பதிவு எனவும் படைவீரர் வழக்கில் வழங்கும். சிவப்பு மைப் பதிவு நான்கு சேர்ந்தால், இவர் படைக்கு வேண்டாதவர் என்று வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாகப் பதினைந்தாண்டுப் பணி வேண்டும். பன்னிரண்டாம் ஆண்டில் விழும் நான்காம் சிவப்பு வரி, ஒரு குடும்பத்தின் முதுமைச் சோற்றையே எடுத்துவிடும்.

உச்ச நீதிமன்றம் 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில், நான்கு பதிவு இருக்கிறது என்பது மட்டுமே நீக்கத்திற்குப் போதாது என்றது. குற்றத்தின் தன்மை, பணிக்காலம், கடினமான இடங்களில் ஆற்றிய தொண்டு ஆகியவற்றை விசாரித்து முடிவு செய்தல் வேண்டும் என அறிவுறுத்தியது. பற்றை மட்டும் எழுதி வரவை மறைக்கும் பேரேடு பேரேடு ஆகாது என்பதை நம் வணிகர் நன்கறிவர்.

1987இல் முடிந்த ரஞ்சித் தாகூர் வழக்கும் நினைக்கத் தக்கது. தம் தலைவரைக் கடந்து மேலதிகாரிகளுக்கு முறையீடு அனுப்பிய சிக்னல் பிரிவு வீரர் அவர். அதற்காக 28 நாள் சிறையிலிருக்கையில் உணவு உண்ண மறுத்தார் என்று மீண்டும் குற்றம் சாட்டப்பட்டார். சுருக்கமுறை நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் விதித்தது. தம்மை விசாரிப்பவர் குறித்து மறுப்பு உண்டா என்று அவரிடம் கேட்டதாக ஆவணத்தில் ஒரு வரியும் இல்லை. இதனையும், விசாரித்தவரின் சார்பையும், குற்றத்திற்குப் பொருந்தாத தண்டனையையும் சுட்டி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. எழுதப்படாத வரியே அங்கு வீரரைக் காத்தது.

படைநீதிமன்றம் தன் தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை என 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு முகர்ஜி வழக்கில் கூறியது. காரணம் எழுதப்படாத இடத்தில் சாட்சியமேனும் முழுமையாக எழுதப்பட வேண்டியது எவ்வளவு இன்றியமையாதது! 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி படைத்துறைத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகிறது. அதன் அமர்வுகளுள் ஒன்று சென்னையிலும் ஒன்று நம் கொச்சியிலும் உள்ளன. சுருக்கமுறை நீதிமன்றத்தின் தீர்ப்பு பணிநீக்கமாகவோ மூன்று மாதத்திற்கு மேற்பட்ட சிறையாகவோ இருப்பின் வீரர் அங்கே முறையிடலாம். ஆனால் முறையிடக் கையில் ஆவணம் வேண்டும். ஆவணத்தைக் காக்கும் காலமோ எல்லை உடையது.

நிறைவுரை

திருவள்ளுவர் வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, தக்கவாறு ஆராய்ந்து தண்டிப்பதை வேந்தன் இலக்கணமாக வைத்தார். ஆராய்ந்தமைக்குச் சான்று எழுத்தே. கோவலனுக்கு எழுத்து இல்லை. வேலூர்ச் சுவரோரம் நின்றவர்களுக்கு எழுத்து இல்லை. இன்றைய வீரருக்கு விதியில் எழுத்து உண்டு. அது தாளிலும் இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்கும் அவரைச் சார்ந்தோர்க்கும் உரிய பொறுப்பு.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பாட்டனோ தந்தையோ படையில் இருந்தவர் உண்டு. அவர்தம் பணிச்சான்றையும் விடுவிப்புச் சான்றையும் பதக்கத்தோடு சேர்த்துக் காத்து வையுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவராயின் நீலகிரி வெல்லிங்டனில் உள்ள அதன் பதிவலுவலகத்திற்கு எழுதிக் கேட்கத் தயங்காதீர்கள். தண்டனை பெற்ற தாளாயினும் கிழிக்காதீர்கள். அதில் உள்ள ஒரு வரியோ, இல்லாத ஒரு வரியோ பின்னொரு நாள் அவருக்காகப் பேசக்கூடும். கடைக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த கைகளுக்கு இது அரிய செயலன்று.